கொக்கு போட்ட செயின் வீல்

விஜயராணி அழவில்லை. புருஷன் பூலோகம் இறந்துபோன அன்றும் அழவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கல்யாண் ஊரிலிருந்து வந்த நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதும் அழவில்லை. "என்ன நெஞ்சழுத்தம்" என்று தாராவிச் சந்து முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்களுக்கு என்ன? அழுகை ஏன் வரவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. சாப்பிட்டால் ருசி இல்லை, யார் பேசினாலும் எங்கோ தூரத்தில் கேட்டது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் சைக்கிள் வீட்டை விட்டுப் போக வேண்டும். இருப்பதே பத்துக்குப் பத்து அறை. பாதியை அது அடைத்துக்கொண்டு நின்றது. இட்லிக் குண்டான் கட்டுகிற கேரியர், சட்னி வாளி, ரப்பர் ஹாரன். மாட்டுங்காவில் அந்த ஹாரன் கேட்டால் ஜனங்கள் தட்டோடு மாடியிறங்கி வருவார்கள். அதை வெறும் சைக்கிள் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பூலோகத்துக்குப் பொத்துக்கொண்டு வரும். "லண்டன் சைக்கிள்லா இது! எங்கய்யா வெள்ளக்காரன்ட்ட வாங்குனது" என்று செயின் வீலைக் காட்டுவார். அதில் இங்கிலாந்துக் கம்பெனியின் முத்திரையாக மூன்று கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும்.

ஊரில் பெண் பார்க்க வந்தபோதும் இதே பீற்றல்தான். கதவுக்குப் பின்னால் நின்ற விஜயராணி சும்மா இருக்கமாட்டாமல், "லண்டன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டு அம்மாவிடம் கிள்ளு வாங்கினாள். "பம்பாய்க்கு வா, காட்டுதேன்" என்றார் மாப்பிள்ளை. வந்த அன்றே கொக்குகளைக் காட்டவும் செய்தார்.

செம்பூரில் ஹோட்டல் வைத்திருக்கும் ஜகந்நாதன் இன்று சைக்கிளைப் பார்க்க வந்திருந்தார். பழைய சைக்கிள் சேர்ப்பதில் பித்து. அசல் இங்கிலாந்து என்றால் ஹோட்டல் சுவரில் மாட்ட எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கழற்றிக் காட்ட, அடுத்த சந்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பூலோகத்தின் சிநேகிதர் ஹனீப் பாயை விஜயராணி கூப்பிட்டிருந்தாள்.

பார்ப்பது சுலபமாக இல்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பூலோகம் சைக்கிளுக்குக் கறுப்பு எனாமல் அடிப்பார். துடைத்துவிட்டு அடிப்பதெல்லாம் கிடையாது. போன வருஷச் சந்தனம் குங்குமத்தின் மேலேயே ஒரு இழுப்பு. ஜகந்நாதன் கத்தியால் சுரண்டச் சுரண்ட, கறுப்பும் மஞ்சளும் சிவப்புமாகப் பொருக்கு உதிர்ந்தது. கடைசியில் ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு தகடு தெரிந்தது.

"பாடி நம்ம நாட்டுக் கம்பெனிம்மா. எழுபதுகள்ல செஞ்சது" என்றார் ஜகந்நாதன். "செயின் வீல் மட்டும் அசல் இங்கிலாந்து, இதவிட இருபது வருஷம் மூப்பு. யாரோ பின்னால மாத்தியிருக்காங்க. அது மட்டும் எனக்குப் போதும்."

ஹனீப் பாய் கையைத் துணியில் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாந்தான் மாத்துனேன். கோவப்படாதீங்க மைனி. பொண்ணு பாத்துட்டு வந்த கையோட அண்ணாச்சி நம்ம ரிப்பேர் துக்கானுக்கு ஓடியாந்தாரு. 'மானம் போவுது பாய், லண்டன்னு எங்க போட்டிருக்குன்னு அந்தப் பிள்ள கேட்டுட்டு. கல்யாணத்துக்குள்ள லண்டன் வீல் ஒண்ணு பாத்துப் போட்டுக் குடு'ன்னாரு. பழைய சாமான் விக்கிற சோர் பஜார் பூரா ரெண்டு பேரும் அலைஞ்சோம்."

விஜயராணி செயின் வீலையே பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்ட கேள்வி. கேட்ட அன்று சாயங்காலமே அவள் மறந்தும் போயிருந்தாள். மனுஷன் மறக்கவில்லை, வெயிலிலும் மழையிலும் இத்தனை வருஷம் அந்தப் பொய்யை மிதித்திருக்கிறார். அழுகை இப்போதும் வரவில்லை. ஆனால் நெஞ்சு வலித்தது; வலிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"கழத்துங்க பாய்" என்றாள்.

பாய் தட்டிக் கழற்றி ஜகந்நாதனிடம் நீட்டினார். விஜயராணி குறுக்கே கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

"இது கெடையாது. மத்ததெல்லாம் கொண்டுட்டுப் போங்க."

"உள்ளூர் பாடிய வச்சு நான் என்னம்மா பண்ண?"

"அப்ப அதுவும் இங்கனயே கெடக்கட்டும்."

சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, கிரீஸ் பிசுக்கோடு செயின் வீலை மடியில் வைத்து, முந்தானையால் ஒவ்வொரு கொக்காகத் துடைக்கத் தொடங்கினாள்.