பாரம் ஏற்றாத சோதனை

பூந்தமல்லி பாய் ஒருவர் தன் பழைய காரை அம்பத்தூரில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வண்டி குலுங்கக் கூடாதென்று பின்பக்கம் புது ஸ்பிரிங் பட்டைகள் போடச் சொன்னார்.

போட்டபின் ஆள் எடைக்கு மணல் மூட்டைகள் ஏற்றிச் சோதிக்க வேண்டும். அன்று சோம்பலில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "செக் பண்ணிட்டேன் பாய்" என்று பொய் சொன்னேன்.

மனைவியை ஏற்றிக்கொண்டு பாய் போனபோது காட்டுப்பாக்கம் வேகத்தடையில் பட்டை முறிந்துவிட்டது. பாய் போன் செய்ததும் ஓடினேன். அந்த அம்மா சாலையோரம் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"மூட்டையே ஏத்தலம்மா. பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

பாய் கையை ஓங்கினார். அந்த அம்மா தடுத்தார். "வுடுங்க. எனக்கு ஒண்ணும் ஆவல. புள்ள மூஞ்சி எப்டி வெளுத்துக்கீது பாருங்க."

வேறு பட்டைகள் மாட்டி, இரண்டு நாள் மூட்டைகளோடு நிறுத்தி, ஓட்டியும் பார்த்தேன். வண்டியை எடுக்க இருவரும் வந்தபோதும் எனக்குத் தைரியம் வரவில்லை. "முதல்ல பாய் ஓட்டட்டும், நான் பின்னால உக்காந்து ஒரு ரவுண்டு வரேம்மா" என்றேன்.

"நானும் வரேன்" என்று அந்த அம்மா ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

பாய் அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போன அந்தப் பயணம்தான் இன்றும் என்னைச் சோம்ப விடுவதில்லை.