ஹலோ அக்காவின் முக்கோணம்

மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஹலோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து, வருகிற தொலைபேசி அழைப்புகளை அந்தந்த வார்டுக்கு மாற்றிக்கொடுப்பது அவள் வேலை. பழைய தொலைபேசிப் பலகையைக் கழற்றிவிட்டுக் கணினியில் ஓடும் புதியதை வைத்தபோது, அவளுக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். திரையில் என்ன இருக்கிறதோ அதை அது காதில் படித்துச் சொல்லும்.

ஊழியர்களுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் சி என்னும் கணினி நிரல் மொழிக்கு வகுப்பு தொடங்கியதும் அவள் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தாள்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் கணவர். அவர் தச்சர், வீட்டின் முன்னறைதான் பட்டறை. "சனிக்கிழமையாவது சும்மா இருக்கலாம்ல?"

"சும்மா இருந்தா மரத்தூளைப் பெருக்கச் சொல்வீங்க. அதுக்கு இதே தேவலை."

முதல் பயிற்சி, கணினியை 'ஹலோ' சொல்ல வைப்பது. "அட, இங்கயுமா!" என்று சிரித்தாள். வகுப்பே சேர்ந்து சிரித்தது. ஆனால் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் அந்தச் சொல் ஒலித்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் அவள் யார் யாருக்கோ ஹலோ சொல்லியிருக்கிறாள். இது அவள் சொல்லிக்கொடுத்து இன்னொன்று சொன்ன ஹலோ. திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள்.

இரண்டு எண்களைக் கூட்டுவது, ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பது, பெருக்கல் வாய்ப்பாடு என்று பாடம் நகர்ந்தது. ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால் போதும், முழு நிரலையும் ஓட்ட மாட்டேன் என்று முரண்டு பிடித்தது கணினி. "எங்க மாமியார்கூட இவ்வளவு கறார் இல்ல," என்றாள் கணவரிடம்.

பிறகு நட்சத்திரக் குறிகளை அடுக்கி உருவம் வரைகிற பயிற்சி வந்தது. பாடம் நடத்திய பெண் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, இதை நீங்க விட்டுடுங்க. கண்ணால பாத்துப் பாத்துச் சரி பண்றது இது. உங்களுக்கு வேற ஒண்ணு தர்றேன்."

அந்தப் பெண் நல்ல மனசோடுதான் சொன்னாள். இருந்தாலும் ஹலோ அக்காவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மதியம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற சுற்று ஒன்று வெளியே, வரிகளுக்கு. அதற்குள் இன்னொரு சுற்று, அந்த வரியின் நட்சத்திரங்களுக்கு. முதல் தடவை எல்லா வரியும் ஒரே நீளத்தில் வந்தது. உள்சுற்று எதுவரை போக வேண்டும் என்கிற இடத்தில் ஐந்து என்று போட்டிருந்தாள். அதை எடுத்துவிட்டு வரி எண்ணைப் போட்டாள். ஸ்டார். ஸ்டார் ஸ்டார். ஸ்டார் ஸ்டார் ஸ்டார். காதுக்குள் வரி வரியாக அது வளர்ந்தது. பள்ளியில் மரத்துண்டைத் தடவித்தான் முக்கோணத்தை அறிந்திருந்தாள். அதைக் கேட்க முடியும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அடுத்தது கூடாரம். நடுவில் உச்சி, இரண்டு பக்கமும் சரிவு. அதற்கு நட்சத்திரங்களுக்கு முன்னால் வெற்றிடம் வேண்டும். வரி இறங்க இறங்க வெற்றிடம் ஒவ்வொன்றாகக் குறைய வேண்டும், நட்சத்திரம் இரண்டிரண்டாகக் கூட வேண்டும். ஆனால் வரியைப் படிக்கிற குரல் வெற்றிடத்தைச் சொல்லாது. அது அவளுக்குச் சத்தமும் இல்லை, தொடவும் கிடைக்காது. யோசனை ஒன்றுதான் துணை. மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு எழுதி, ஓடவிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன். என்ன தெரியுது?"

இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்தவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"கூடாரம்," என்றார். பிறகு, இடுப்பில் செருகியிருந்த அளவுகோலை எடுத்துத் திரைமேல் வைத்தார். "இரண்டு பக்கமும் சரிசமம்டி. மயிரிழைகூட மாறல."

அவள் விரலைப் பிடித்து உச்சியில் வைத்து, சரிவோடு மெல்லக் கீழே இழுத்தார். கண்ணாடி வழவழவென்றுதான் இருந்தது. அந்த வழவழப்பின் கீழே, அவள் ஒருபோதும் உணராத ஒன்று, அவள் நினைத்தபடியே நின்றது.

"இருங்க," என்று வரிகளின் எண்ணிக்கையில் இருந்த ஐந்தை அழித்து நாற்பது என்று போட்டாள்.

"ஐயோ, உச்சி மேல ஓடிப் போயிடுச்சு! திரை பத்தல."

"ஆனா இருக்குல்ல?"

"இருக்கணும்தான். என் கண்ணுக்குத் தெரியல."

"எனக்குத் தெரியுது," என்றாள்.

சனிக்கிழமை வகுப்பில் பாடம் நடத்திய பெண் நிரலை ஓட்டிப் பார்த்தாள். "அக்கா, யாராவது கூட இருந்து சொன்னாங்களா?" என்று கேட்டாள். "எழுதி முடிச்ச பிறகு, அளந்து சொல்ல ஒருத்தர் இருந்தார்," என்றாள் ஹலோ அக்கா. அந்தப் பெண் அவள் தோளில் கை வைத்தாள். அதன்பிறகு எந்தப் பயிற்சியையும் விட்டுவிடச் சொன்னதில்லை.

சி மொழியால் அவளுக்குச் சம்பளம் கூடவில்லை, பதவியும் மாறவில்லை. மாடிப்படிக்குக் கீழே இப்போதும் நாளெல்லாம் மணி அடிக்கிறது. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே அவள் விரல்கள் ஏதாவது தட்டிக்கொண்டிருக்கும். போன வாரம் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்கிற நிரல் ஒன்றை முதல்முறையாக எழுதினாள். அது எப்படித் திரும்பி வருகிறது என்று யோசித்துக்கொண்டே, ஒரு டாக்டருக்கு வந்த அழைப்பைச் சமையலறைக்கு மாற்றிவிட்டாளாம்.