அம்மாவுக்கு நாங்க தச்ச மார்பு

எங்கம்மாவுக்கு இடது மார்பை மெட்ராஸ்ல எடுத்துட்டாங்க. அறுபதுகளோட கடைசி அது. நாங்க அப்போ அந்தமான்ல, போர்ட் பிளேர் ஹேடோவுல, துறைமுக ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோர்ஸ்ல வேலை. ரெண்டு பேரும் கப்பலேறிப் போய், ஆபரேஷன் முடிச்சு, மறுபடி கப்பலேறி வந்து இறங்கினாங்க. குவார்ட்டர்ஸ் பூரா குடல்வால் ஆபரேஷன்னு சொல்லி வச்சிருந்தோம். குடல்வால்னா யாரும் துருவித் துருவிக் கேக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா, "அபெண்டிக்ஸா? கோயி பாத் நஹி" ன்னு இந்தியில ஆறுதல் சொல்லி, மீன் குழம்பு குடுத்துட்டுப் போனாங்க.

மறைச்சதுக்குக் காரணம் நான்தான். எனக்குக் கல்யாண வயசு. குட்வில் எஸ்டேட்ல ஒரு தமிழ்க் குடும்பம், கான்ட்ராக்ட் தொழில், மூத்த பையனுக்கு என்னைக் கேட்டு ஆள் விட்டிருந்தாங்க. தீவுல நம்ம பக்கத்துக் குடும்பம் இருக்கிறதே கொஞ்சம். "அந்த நோய் இருக்கிற வீடு" ன்னு ஒருத்தி வாய்ல விழுந்தாப் போதும், சாயங்காலத்துக்குள்ள மரைன் ஹில் வரைக்கும் போயிரும். அப்புறம் மெயின்லேண்டுலதான் மாப்பிள்ளை தேடணும். அங்கே இருக்கிறவங்களோ, அந்தமான்னாலே கைதிங்க ஊருன்னு முகத்தைச் சுளிப்பாங்க. அப்போ அந்த நோயை ஒட்டுவாரொட்டின்னு நம்பினவங்களும் உண்டு, வம்சத்துல வரும்னு நம்பினவங்களும் உண்டு. ரெண்டுல எது நிஜமா இருந்தாலும் என் கல்யாணம் அம்பேல்.

அதனால, பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள அம்மாவுக்கு ஒரு மார்பு தைக்கணும். விஷயம் அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வாய் நீளம். எனக்கு அதை விட நீளம். அவங்க ஒண்ணு சொன்னா நான் அதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்லுவேன், அப்படித்தான் வளந்தேன். இதுலயும் முதல் நாளே சண்டை. அம்மா ஒரு கொட்டாங்கச்சியைக் கவுத்து வச்சு, அதோட அளவுக்குத் துணி வெட்டி, தலையணைப் பஞ்சை அமுக்கி அடைச்சுத் தச்சிருந்தாங்க. உருண்டையா, கிண்ணுன்னு நின்னுச்சு. பாடிக்குள்ள ஒரு பை தச்சு அதுல சொருகி, ரவிக்கை போட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னாங்க.

"எப்படிடி இருக்கு?"

"ஒரு பக்கம் எனக்கு அக்கா மாதிரி இருக்க. இன்னொரு பக்கம் எனக்கு அம்மா மாதிரி இருக்க" ன்னேன்.

"வைக்கிறதுதான் வைக்கிறோம், நல்லதா வச்சுக்குவோமே. பிள்ளைக்குப் பால் குடுத்துத் தொங்கிப் போனதை, மெனக்கெட்டுத் தொங்குன மாதிரியே தைப்பாங்களா யாராச்சும்?"

"அப்ப வலது பக்கத்தையும் தூக்கிக் கட்டு. குடல்வால் எடுத்தா இப்படி ஆகும்னு குவார்ட்டர்ஸ் பொம்பளைங்க எல்லாம் மெட்ராசுக்கு டிக்கெட் எடுக்கட்டும்."

அடிக்க ஸ்கேலைத் தேடினாங்க. அவங்க இடக்கைக்காரி, அந்தக் கை தோளுக்கு மேல தூக்க வராது, அதனால நான் தப்பிச்சேன்.

அப்புறம் நான் ஒண்ணு தச்சேன். கிளிமூக்கு மாங்காய் மாதிரி, மேல சரிஞ்சு, கீழே கனமா, அக்குள் பக்கம் கொஞ்சம் வால் விட்டு. அதுக்கு ஒழுங்கா அளவு எடுக்கணும்னா அம்மாவோட வலது பக்கத்தைப் பாக்கணும், தொட்டுப் பாக்கணும். அம்மா சுவரைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. இடது பக்கம் தழும்பு அக்குள் வரைக்கும் போயிருந்துச்சு, செவசெவன்னு. அதைப் பாத்ததுலேருந்து நான் கிண்டலைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டேன். நிறுத்தலை. நிறுத்தினா அழுதுருவோம்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

உருண்டையா, சரிவாங்கிற பஞ்சாயத்து அப்பாகிட்ட போச்சு. பாவம் மனுஷன், பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். அம்மா ஒண்ணைப் போட்டு நடந்து காட்டினாங்க, உள்ளே போய் மாத்திப் போட்டு வந்து நடந்து காட்டினாங்க.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" ன்னார் அப்பா.

"பேப்பரைக் கீழே வச்சுட்டுச் சொல்லுங்க."

வச்சார். ரொம்ப நேரம் பாத்தார். "ரெண்டாவது. அதுதான் உன்னை மாதிரி இருக்கு" ன்னுட்டு எழுந்து வெளியே போயிட்டார். அம்மா அதுக்கப்புறம் உருண்டையைப் பத்திப் பேசவே இல்லை. அதைப் பிரிச்சுப் பஞ்சைத் தலையணைக்கே திருப்பிட்டாங்க.

வடிவம் கிடைச்சுது, ஆனா கனம் இல்லை. பஞ்சு லேசு. கையைத் தூக்கினா அதுவும் கூடவே தூக்கிக்கிட்டுக் கழுத்தெலும்பு கிட்டப் போய் நிக்கும். அம்மா அதுக்கு "இளையவ" ன்னு பேர் வச்சுட்டாங்க. நிஜமானது மூத்தவ. "மூத்தவ இருந்த இடத்துல இருக்கா, இந்த இளையவ பாரு, எங்க போய் உக்காந்திருக்கான்னு." கனத்துக்கு என்ன போடலாம்னு யோசிச்சு, ஊர்லேருந்து வந்த டிரங்குப் பெட்டியில மிச்சம் இருந்த கேப்பையைப் போட்டோம். சின்னச் சின்ன மணி, உடம்போட அசையும், நல்லா இறங்கி நிக்கும். எங்க ரெண்டு பேர் மூளையையும் நாங்களே மெச்சிக்கிட்டோம்.

ஆனா அது நம்ம ஊர் வெயில் இல்லையே. மே மாசம் பிடிச்ச மழை பாதி வருஷத்துக்கு விடாது. துவைச்ச துணி மூணு நாளானாலும் காயாது. அம்மா இளையவளைப் போட்டுக்கிட்டு ஒத்திகை மாதிரி கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்தாங்க. ஒரு தடவை தொப்பலா நனைஞ்சும் வந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு, "ஏண்டி, குத்துதுடி, என்னமோ ஊருதுடி" ன்னு ஒரே கத்தல். அவுத்துப் பாத்தா, தையல் சந்துல எல்லாம் வெள்ளை வெள்ளையா எட்டிப் பாக்குது. ஆத்தி! கேப்பை முளை கட்டிருச்சு.

கஞ்சி மாவுக்குக் கேப்பையை ஈரத் துணியில முடிஞ்சு வச்சு முளை கட்டுற சாதி நாங்க. எங்களுக்கு இது தோணலை பாருங்க. அம்மா தரையில உக்காந்துட்டாங்க. "காய வச்சு அரைச்சா உன் மாமியாருக்கு ஒரு வாய் கஞ்சி ஆச்சு" ன்னாங்க. நான் சிரிச்ச சிரிப்புல பெங்காலி அம்மா "க்யா ஹுவா?" ன்னு ஜன்னல் பக்கம் வந்துட்டாங்க. அம்மா தழும்பைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "வலிக்குதுடி, சிரிக்க வைக்காதடி பாவி" ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. என் வாழ்க்கையிலயே அந்த மாதிரி ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அது ஒண்ணுதான்.

கடைசியில அப்பாதான் வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு கொஞ்சம் வாங்கிட்டு வந்து, அடுக்களை மேடையில வச்சுட்டுப் போனார். பஞ்சுக்கு நடுவுல அதைப் பொதிஞ்சு தச்சோம். இளையவ வழிக்கு வந்தா.

பொண்ணு பாக்க வந்தாங்க. எல்லாரும் என்னைப் பாத்தாங்க, நான் அம்மாவைப் பாத்துக்கிட்டிருந்தேன். அம்மா ரெண்டு கையாலயும் தாம்பாளத்தைத் தூக்கி நீட்டினாங்க. இடது கை எரிஞ்சிருக்கும், முகத்துல ஒண்ணும் தெரியலை. மாராப்பு ஒதுங்கினப்பகூட ஒண்ணும் தெரியலை. எனக்கு அத்தையாகப் போறவங்க அம்மாவை ஏற இறங்கப் பாத்தாங்க. எனக்கு உயிரே போயிருச்சு. அவங்க சொன்னது இதுதான்: "அம்மாவைப் பாத்தாப் போதும், பொண்ணைப் பாக்க வேணாம். என்னா திடம்!" அம்மா சிரிச்சுக்கிட்டு இன்னொரு கரண்டி கேசரி வச்சாங்க.

கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. புருஷன்கிட்டகூட மூச்சு விடக் கூடாது. "ஒரு வார்த்தை வெளியே போச்சுன்னா உன்னை அனுப்பி வச்சுருவாங்க. நான் ஈயத்தைச் சுமந்ததுக்கு அர்த்தம் இல்லாமப் போயிரும்" ன்னாங்க. சரின்னேன்.

மூணு வருஷம் நல்லாத்தான் போச்சு. எனக்கு ஒரு பெண் குழந்தை. அப்புறம் அம்மாவுக்கு முதுகு வலி, இருமல். இங்கே பாத்த டாக்டர், ஆபரேஷன் பண்ணின இடத்துக்கே போங்கன்னுட்டார். அப்பா கப்பலுக்கு டிக்கெட் போட்டார். நானும் போறதா மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

புறப்படுறதுக்கு முதல் நாள், அம்மா சொல்லிக்கிட்டுப் போக எங்க வீட்டுக்கு வந்தாங்க. பவுடர் பூசி, பூ வச்சு, பட்டுக்கரைச் சேலை கட்டி, இளையவளையும் வச்சுக்கிட்டு. உடம்பு இளைச்சிருந்துச்சு, ஆனா கட்டின கட்டுல அது தெரியலை. நான் அத்தைகிட்ட, "அம்மா கூட நானும் மெட்ராஸ் போயிட்டு வரட்டுமா அத்தை?" ன்னு கேட்டேன்.

அத்தை சிரிச்சாங்க. "எதுக்கும்மா? முதுகு வலிக்குப் போறாங்க. ஆள் பாரு, என்னை விட நல்லா இருக்காங்க. அப்பா கூடப் போறார். இந்த மழையில, பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, அலை அடிக்கிற கடல்ல நீ எதுக்கு?"

நியாயமான பேச்சுதானே. குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. எனக்கு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முதுகு வலி இல்லை அத்தை, குடல்வாலும் இல்லை அத்தை. அம்மா டம்ளரைக் கீழே வச்சுட்டு என்னைப் பாத்தாங்க. சின்ன வயசுல விருந்தாளி முன்னாடி நான் வாயைத் திறக்கப் போனாப் பாப்பாங்களே, அந்தப் பார்வை. வேணாம்.

"பிள்ளையைப் பாத்துக்கடி. போற கப்பல்லயே திரும்பி வந்துற மாட்டேன்?" ன்னாங்க.

மறுநாள் ஹேடோ ஜெட்டியில கும்பலோட நின்னு கையாட்டினேன். திரும்பி வந்த கப்பல்ல அப்பா மட்டும் இறங்கினார். தந்தி முன்னாடியே வந்துருச்சு. போய்ச் சேர அடுத்த கப்பல் கிடைக்கிறதுக்குள்ள அங்கே எல்லாம் முடிஞ்சுருச்சு.

தந்தி வந்த அன்னிக்கு அத்தைதான் என்னைத் தாங்கிப் பிடிச்சாங்க. "நல்லாத்தானே இருந்தாங்க, என்னதான் ஆச்சு?" ன்னு அழுதாங்க. அப்பத்தான் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், முளை விட்ட கேப்பை வரைக்கும். அத்தை கேட்டுட்டு, அழுகையை நிறுத்திட்டு, கோபப்பட்டாங்க. "என்னை என்ன ராட்சசின்னு நினைச்சீங்களா ஆத்தாளும் மகளும்? சொல்லியிருந்தா பிள்ளையை நான் வச்சுக்கிட்டு உன்னைக் கப்பல் ஏத்தியிருக்க மாட்டேனா? தலை கோதி விட ஒரு பொம்பளை இல்லாமப் போயிருக்காளே மகராசி!"

அன்னிக்கு அப்படிச் சொன்னாங்க. பொண்ணு பாக்க வந்த அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ, யார் கண்டா? அத்தையும் போய்ச் சேர்ந்து பல காலம் ஆச்சு. நான் இன்னும் ரெண்டையும் மாத்தி மாத்தி யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஆனா அப்பா சொன்ன ஒண்ணு இருக்கு, அதை யோசிக்க முடியலை. பொம்பளைங்க வார்டு, ஆம்பிளைங்களைப் பகல்ல கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவாங்களாம். அவர் போறப்ப எல்லாம் அம்மா முதல்ல கேட்டது, "போர்ட் பிளேர் கப்பல் வந்துருச்சா?" ன்னுதானாம். ஏன் கேக்குறன்னு அப்பா கேட்டதுக்கு, "அவ என் பேச்சை என்னிக்குக் கேட்டிருக்கா? வந்துருவா" ன்னாங்களாம்.

நிஜம்தான். அது வரைக்கும் ஒரு நாளும் அவங்க பேச்சை நான் கேட்டதில்லை. அந்த ஒரு நாள் கேட்டுத் தொலைச்சேன்.