கரண்ட் வெச்ச புள்ளை

"ஏனுங்க, பொம்பளைங்க சீட்டுல ஆம்பளைய உக்கார வெச்சுட்டீங்களா?"

எண்பதுகளின் தொடக்கத்தில் லாரி ஆபீஸ்காரர் ஒருவர் வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் எங்கள் ட்ரங்க் போர்டில் இப்படிக் கேட்டார். நாமக்கல் பக்கத்தில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். அவர் சொன்னது என் பக்கத்து சீட் பாவாயியின் குரலை. கணீரென்று பேசி, பம்பாய் லைனைச் சண்டை போட்டு வாங்கித் தருகிறவள் அவள். சில மாதங்களாகக் குரல் கரகரத்தது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. முகம் உப்பியது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஹெட்செட்டோடு தூங்கி விழுந்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருச்செங்கோடு.

கல்யாணக் கனவு என்று நாங்கள் கிண்டல் செய்தோம். எங்களை மேய்க்கும் மானிட்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கல்கத்தா கேட்டவருக்குப் பாவாயி கோயமுத்தூரைக் கொடுத்ததும், ஜேடர்பாளையத்திலிருந்து அவள் அம்மாவை வரச் சொல்லிவிட்டார்.

"புள்ளைக்கு முன்னால ஏதாச்சும் சீக்கு இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் மானிட்டர்.

அந்தம்மா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே நின்றார். "சின்னதுல மதராஸ் கொண்டுபோயி கரண்ட் வெச்சோமுங்க சாமி. அப்பவே நல்லாப் போச்சுங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க, கண்ணாலம் வெச்சிருக்குது."

கரண்ட் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். புத்தி பேதலித்தவர்களுக்குத் தலையில் வைப்பது. மானிட்டர் அவளைப் போர்டிலிருந்து எழுப்பி பில் செக்‌ஷனுக்கு அனுப்பினார். டெலிபோன் ஆபீஸ் சேதி திருச்செங்கோடு போக ட்ரங்க் காலா வேண்டும்? "பைத்தியத்தை எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?" என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து கத்திவிட்டு நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். பாவாயி அழவில்லை. அதையும் பைத்தியத்தின் கணக்கிலேயே சேர்த்தார்கள்.

பிறகு ஒருநாள் அவள் படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். நானும் அந்தம்மாவும் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் பாவாயியின் கழுத்தில் கறுத்து மெலிந்திருந்த தோலைப் பார்த்தார். பிறகு அந்தம்மா பக்கம் திரும்பினார்.

"கரண்ட் எங்கம்மா வெச்சாங்க?"

"கழுத்துலதானுங்க. புத்துநோய்க் கட்டி இருந்துச்சு. அந்தப் பேரைச் சொன்னா யாருங்க கட்டுவாங்க?" முதல்முறையாக அந்தம்மா உடைந்து அழுதார்.

"நீங்க சொல்ற கரண்ட் ரேடியேஷன்மா, கதிர் வைத்தியம். கட்டியக் கரைச்ச அதுவே பக்கத்துல இருக்கற தைராய்டு சுரப்பியையும் கெடுத்திருக்கும்மா. வருஷக்கணக்கா ஒண்ணும் தெரியாது. மெதுவாத்தான் வரும். இந்தத் தூக்கம், குளிர், குரல் எல்லாம் அதுதான். புத்திக்கு ஒண்ணும் இல்ல."

ரத்தத்தை மதராஸ் அனுப்பிப் பார்த்ததில் அவர் சொன்னது சரியாக இருந்தது. தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். முகம் வடிந்தது, குரல் திரும்பியது, பாவாயி போர்டுக்கு வந்தாள். அதற்குள் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. அவளுக்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று அதே லாரி ஆபீஸ்காரர் லைனில் வந்தார். "அட, பழைய பொண்ணு வந்துருச்சுங்களா?"

"ஆமாங்க. எந்த ஊருக்குங்க?" என்றாள் பாவாயி.

எங்கே என்று கேட்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு ஷிப்டில் நூறு பேரிடம் கேட்கிறோம். கரண்ட் எங்கே வைத்தார்கள் என்று அந்தம்மாவிடம் கேட்க அன்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.