பிக்கப் கதவில் ஒட்டிய பட்டு இழை

எனக்குச் சந்தேக புத்தி என்று ஊரில் சொல்வார்கள். இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பட்டுத் தொழிலில் எல்லோரையும் நம்பியவர்கள் தறியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சரிகை வந்தால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். நூல் வந்தால் ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பேன். முடி கருகிய வாசம் வந்தால்தான் அது பட்டு. மனிதர்களைக் கொளுத்திப் பார்க்க முடியாது என்பதால் அவர்களைக் கவனித்துக்கொண்டே இருப்பேன்.

அப்படிப்பட்ட நான் ஒருவனை மட்டும் முப்பது வருஷமாகச் சோதிக்காமல் விட்டுவைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் லாரி ஓட்டுகிறான். அந்த ஆலையில் ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கழித்துக்கட்டியபோது ஓடி வந்தான்.

“நாம வாங்கிக்கலாம்டா. பின்னாடி ஒரு ரூம் கட்டிகினு ஜவ்வாது மலைக்குப் போலாம். லாட்ஜ் தேட வாணாம், எவனையும் கெஞ்ச வாணாம். தூக்கம் வந்தா நிறுத்திட்டு படுத்துக்க வேண்டியதுதான்.”

சேவூரில் என் வீட்டின் முன்கட்டில் மூன்று விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தம் இல்லாத இடத்தில் நான் கண்விழித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சரி என்றேன். ஆர்.சி. என் பெயரில் இருக்கட்டும் என்று அவனே சொன்னான். ஆளுக்கொரு சாவி. வீட்டை ஒட்டிய காலி மனையில் வண்டி வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்தோம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டு விரிசல் விட்டிருந்தன. முதலில் அவற்றை மாற்றினோம். பிறகு சதுர இரும்புக் குழாயில் கூடு. மேலே முழுக்க இரும்புத் தகடு போடலாம் என்றேன். “மலை ஏறணும்டா, கோட்ட கட்டாத” என்று அலுமினியத் தகடு அடித்தான். உள்பக்கம் பிளைவுட், இரண்டுக்கும் நடுவே வெயில் தாங்கத் தெர்மாகோல். நிமிர்ந்து நிற்கும் உயரம் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, வழியில் புளியங்கிளை இடிக்கும் என்று ஒரு சாண் குறைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் தலை இடித்த கணக்கைப் புளியமரம்கூட இடித்திருக்காது. ஒரு கட்டில், அதன் அடியில் சாமான் வைக்க இடம், மடக்கு மேஜை, குழாய் வைத்த தண்ணீர் கேன், பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி, கொசுவலை அடித்த இரண்டு ஜன்னல். மலையில் கரடி உண்டு என்று யாரோ சொல்லப்போக, கதவுக்கு உள்பக்கம் பெரிய தாழ்ப்பாளாகப் பார்த்துப் போட்டோம். வெளிப்பக்கம் கதவிலேயே பதித்த பூட்டு; அதன் சாவியையும் அவரவர் வண்டிச் சாவியோடு கோத்துக்கொண்டோம்.

எல்லாம் முடிந்ததும் என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். “பொணவண்டி மாரி கீது. நான் இதுல ஏற மாட்டேன், நீங்களே போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த நூல் சுற்றும் வேலைக்குத் திரும்பினாள்.

எனக்கு அரிப்பு எடுத்தது நான்கு போல்ட்டுகளால். கூட்டை வண்டியோடு சேர்த்து வெல்டிங் வைக்காமல், நான்கு போல்ட்டில் உட்கார வைத்திருந்தான். ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டும்போது கழற்றி இறக்கிவிடலாம் என்றான். நியாயமான பேச்சுதான். ஆனால் கழற்றிவிட்டால் அது சுமை வண்டி. மாட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வண்டி. எங்கள் பக்கத்தில் மூடின வண்டியைப் பார்த்தால் முதலில் வாயில் வருவது ரேஷன் அரிசிக் கடத்தல்தான். பிடிபட்டால் வண்டி போகும், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவன் உள்ளே போவான். அதை என் பெயரில் வைக்கச் சொன்னது யார்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கட்டில் விரிப்பு கசங்கியிருந்தது. நானோ அந்த வாரம் உள்ளே போகவே இல்லை.

நெசவுக்காரன் மூளை நூலில்தானே போகும்? முறுக்கேற்றாத, சாயமும் போடாத பச்சைப் பட்டில் ஓர் இழையை உருவி, கதவுக்கும் சட்டத்துக்கும் குறுக்காகக் கீழே கஞ்சி தொட்டு ஒட்டினேன். பக்கத்தில் குனிந்து பார்த்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கதவைத் திறந்தால் அறுந்துபோகும். மதியச் சாப்பாடு முடிந்ததும் சேலைகளை எடுத்துக்கொண்டு தினமும் ஆரணி கடைவீதிக்குப் போவது என் வழக்கம். போகும்போது ஒட்டினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அறுந்திருந்தது. மறுநாளும் அறுந்திருந்தது. அதற்கு மறுநாளும்.

மதியம் அவன் ஆலை லாரி எங்கள் வழியாகத்தான் போகும். வண்டியின் மீட்டரைப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். மீட்டர் கேபிளைக் கழற்றத் தெரியாதவனா அவன் என்று எனக்குத் தோன்றியது. அன்றே தரையைத் துடைப்பது போலக் கையால் துழாவினேன். கட்டில் காலடியில் ஏழெட்டு அரிசி கிடைத்தது. குண்டாக, லேசாகப் பழுப்பேறிய அரிசி. ரேஷன் அரிசியேதான்.

காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கூட்டுரோடு டீக்கடையில் அவன் நின்றிருந்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கோபம் எனக்கு முன்னால் நடந்து போய்விட்டது.

“எத்தினி மூட்டடா எறக்கின என் வண்டில?”

“இன்னா மூட்ட?” என்று சிரித்தான்.

காகிதத்தைப் பெஞ்சின் மேல் பிரித்து வைத்தேன். “ரேஷன் அரிசி. என்ன உள்ள தள்ளிட்டு நீ பொழச்சிக்கலாம்னு பாத்தியா?”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அரிசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தான். “என்னயும் கொளுத்திப் பாத்துட்ட இல்ல? இன்னா வாசம் வந்துச்சி?” என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பேச்சு அன்றைக்கே களம்பூர் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நாள் ஆலையில் அவனிடமிருந்து லாரியை வாங்கிக்கொண்டு மூட்டை அடுக்க அனுப்பிவிட்டார்கள். ரேஷன் அரிசி என்ற சொல் ஒட்டிக்கொண்டவனிடம் எந்த ஆலைக்காரர் லாரியைக் கொடுப்பார்? அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. ஆலைக்காரரே சந்தேகப்படுகிறார், நான் பட்டால் என்ன என்று நினைத்தேன். அவர் சந்தேகத்துக்கு விதை என் வாயிலிருந்து போனது என்பது அப்போது உறைக்கவில்லை.

அவன் கொடுத்த சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனி ஒன்றும் நடக்காது என்று தெரிந்தும், பழக்கதோஷத்தில் அன்றைக்கும் இழை ஒட்டிவிட்டுத்தான் ஆரணிக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் அறுந்து கிடக்கிறது.

கள்ளச்சாவி போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் சேலைப் பையோடு கிளம்புகிற மாதிரிக் கிளம்பி, தெருமுனையில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். வண்டிக் கதவை இழுத்தேன். வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பலங்கொண்ட மட்டும் தட்டினேன்.

என் மனைவி திறந்தாள். கன்னத்தில் தலையணை பதிந்த கோடு. மடக்கு மேஜையின் மேல் முறத்தில் பாதி கல் பொறுக்கிய அரிசி, இட்லிக்கு ஊறப்போட எங்கள் கார்டில் வாங்கிய அரிசி. அடுக்களைக் கதவோரம் ஆணியில் எப்போதும் தொங்கும் என்னுடைய சாவி அவள் பக்கத்தில் இருந்தது.

“இங்க இன்னா பண்ற?”

“தூங்கறேன்” என்றாள், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் போல. “ரெண்டு மாசமா வரேன். நீங்க ஆரணி போனப்புறம் அர மணி நேரம். கதவ சாத்தினா தறிச் சத்தம் பாதி கொறையுது. நம்ம வூட்ல எந்த ரூம்ல தாப்பா கீது சொல்லுங்க? நூல் எடுக்க ஒருத்தன் வரான், தண்ணி குடிக்க ஒருத்தன் வரான். படுத்தா எங்கன்னு படுக்கறது?”

நான் இழை ஒட்டியதையும், நண்பனை டீக்கடையில் ஏசியதையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“அய்யோ, அந்த அண்ணனையா? என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

“ஒன்மேல எனக்குச் சந்தேகமே வர்ல.”

“வராதுதான். ஊர்ல கீற எல்லாரும் உங்க நெனப்புல வந்தாங்க. நான் ஒருத்தி இந்த வூட்ல கீறதே நெனப்புல வர்ல.”

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மஞ்சளாகக்கூடத் தெரியவில்லை. வெட்கத்தில் உள்ளே குனிந்து, மறுபடியும் தலையை இடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் களம்பூர் போனேன். அவன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். லாரி ஓட்டிய தோளுக்கு அது பழகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சொன்ன எடத்துல போய் சொல்லு” என்றான்.

டீக்கடையில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரி தூங்க இடமில்லாமல் வண்டியில் போய்ப் படுத்திருந்தாள், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், “அப்போ நீயும் அவனும் கூட்டுன்னு சொல்லு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆலைக்காரரிடமும் போனேன். “சிநேகிதக்காரன காப்பாத்த வந்துகீற. நல்லதுதான், போய்ட்டு வா” என்று அனுப்பிவிட்டார். நான் சொல்வது உண்மை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் நான் மற்றவர்களை நிறுத்தி வைத்த இடத்தில் நானே போய் நின்றேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது என் மனைவி நூல் சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

ஒரு பரிகாரமாவது செய்வோம் என்று மதியம் ஆரணிக்குப் போவதை விட்டேன். அவள் தூங்கும் நேரத்தில் யாரும் வண்டிப் பக்கம் போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். நான் சாப்பிட்டுவிட்டு வரும்போதே கதவு சாத்தியிருக்கும்; தட்டிப் பார்ப்பதில்லை. நூல் கேட்டு வந்த தறிக்காரரை அடக்கினேன். மனையில் பந்தடித்த பிள்ளைகளைத் துரத்தினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது. லாரியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்களாம்.

“ஒன் வூட்டுக்காரம்மா ஆலைக்கே வந்து பேசினாங்கடா. ரேஷன் கார்டையும் ஒரு டப்பால அரிசியையும் மொதலாளி மேஜ மேல வெச்சாங்க. ‘இது எங்க அரிசி, நான்தான் வண்டில குந்திகினு பொறுக்கினேன், எங்க கடைல போய் கேட்டுக்கங்க’ன்னாங்க. அவரு எழுந்து நின்னுட்டாரு. தனியா பஸ் ஏறி வந்துட்டுப் போறாங்க. உங்கிட்ட சொல்லிட்டுதான வந்தாங்க?”

எப்போது வந்தாள் என்று கேட்டேன். இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு என்றான்.

இரண்டு மணிக்கு நான் காலி வண்டியின் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் உள்ளே தூங்குகிறாள் என்று தெருவையே அதட்டிக்கொண்டிருந்தேன்.