பௌர்ணமிக்கு இரவல் போன தார்ப்பாய்

சித்திரைப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்த வருடம் போனேன். சுற்றினேனா என்று கேட்டால், மூன்று கிலோமீட்டர் நடந்தேன், அதுவும் எதிர்த்திசையில். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பேருந்தில் ஏறியதும் பிரேக் பிடிக்குமா என்று யோசிக்கிற ஆள். அதனால் இதில் வரும் பயத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள். முழுவதையும் கழித்துவிட வேண்டாம்.

சென்னை கிளாம்பாக்கத்தில் திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகும் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினால் கீழ்பென்னாத்தூரிலேயே இறங்கிக்கொள்ளலாம். சுமார் நான்கரை மணி நேரம், நான் கொடுத்தது நூற்றெழுபது ரூபாய். பக்கத்துக் கிராமத்தில்தான் என் அக்கா செல்வியின் வீடு. மதியம் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. அக்காவும் அவள் கணவர் ஏழுமலை மாமாவும் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பையோடு அங்கே போனேன்.

நிலையம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளிக் களம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு எடை மெஷின், அவ்வளவுதான். களம் முழுக்க நெல் குவியல்கள் முறைக்குக் காத்திருந்தன. இங்கே அரசு எடுக்கிற நெல்தான் அரிசியாகி ரேஷன் கடைக்குப் போகிறது. வெளி வியாபாரி தருவதைவிட நல்ல விலை. ஆனால் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமாவின் அறுவடை மொத்தமும் அங்கே ஒரே குவியலாகக் கிடந்தது. மறுநாள் காலை முதல் முறை பக்கத்துக் குவியல்காரர் கோபாலுக்கு, அடுத்தது மாமாவுக்கு.

மூன்று மணி வாக்கில் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் அவசரமாகத் தார்ப்பாய் விரித்தார்கள். அக்கா மட்டும் சுற்றும் முற்றும் தேடினாள்.

“இன்னாங்க, நம்ம தார்ப்பாய் எங்க?”

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. “அன்னதானத்துக்குக் குடுத்துட்டேன்.”

வேளாண்மை அலுவலகத்தில் பாதி விலை மானியத்தில் வாங்கிய பெரிய நீலத் தார்ப்பாய் அது. அறுவடை நாட்கள் போக மற்ற நாட்களில் அது சும்மாதான் கிடக்கும். ஆகவே பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் சோறு போடும் மாமாவின் கூட்டாளிகள் பந்தலுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். சாமி காரியத்துக்குக் கேட்டால் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் கேட்டார்கள், கைப்பழக்கத்தில் கொடுத்துவிட்டார். நெல் களத்தில் கிடக்கிறது என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

“போன் பண்ணி எடுத்தாரச் சொல்லுங்க மாமா” என்றேன்.

“லைனே போவல. போனாலும் இன்னிக்கு வண்டிய உள்ள விட மாட்டாங்க மச்சான். நாமதான் போவணும். ஏறு.”

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வரைக்கும் பைக்கில் போனோம். அதற்கு மேல் தடுப்பு. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தோம். பந்தல் கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைத் தாண்டி, அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில். மலையை வலமாகச் சுற்றி வரும் மொத்தக் கூட்டமும் எங்களுக்கு எதிரே வந்தது. அத்தனை முகங்களைப் பார்த்து நடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. தோள்கள் இடித்தன, “இந்தப் பக்கம் போவக்கூடாதுங்க” என்று பலர் சொன்னார்கள். ஏதோ தகாத காரியம் செய்கிறோம் என்ற நடுக்கம் எனக்கு. மாமா மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார்.

வழியில் அக்காவின் அழைப்பு எப்படியோ கிடைத்தது. “டேய் குமாரு, இங்க காத்து ஜாஸ்தியா அடிக்குது. இடி வேற. எங்கடா இருக்கீங்க?”

பந்தலுக்குப் போனபோது முதல் தூறல் விழுந்தது. உள்ளே நாற்பது பேராவது இலையில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த கூட்டாளிகளிடம் நெல் நனைகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, மாமா நேராகப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் இலையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். வயதானவர் ஒருவர் சத்தம் போட்டார்.

“சாமிக்குப் போட்ட பந்தலய்யா இது!”

“சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். மழைக்கு யாரு சொல்றது?”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டாவது கயிற்றை அவிழ்த்தது நான்தான்.

திரும்பும்போது கூட்டத்தோடு போனதால் நடை சுலபம். மடித்த தார்ப்பாயை இருவரும் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனோம். மழை வலுத்ததும் முன்பின் தெரியாத மூன்று பேர் அதன் ஓரத்தில் தலையை நுழைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். விரட்ட மனம் வரவில்லை.

களத்துக்கு வந்தபோது அங்கே மழை கொட்டி ஓய்ந்திருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தோம். எங்கள் குவியல் மூடியிருந்தது. கோபால் தன் தார்ப்பாயை இழுத்து எங்கள் நெல்லுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார். இழுத்ததில் அவருடைய குவியலின் ஒரு பக்கம் திறந்துவிட்டது. அந்தப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

“உங்க வூட்டம்மா அழுதுக்கினு நின்னாங்க. இன்னா பண்றது” என்றார்.

காலையில் ஈரம் பார்க்கும் மெஷினை முதலில் அவர் நெல்லில்தான் வைத்தார்கள். காய வைத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் நெல் தேறியது. மாமா சந்தோஷப்படவே இல்லை. எடை முடிந்ததும் எல்லோருமாகக் கோபாலின் நெல்லைத் தார் ரோட்டில் பரப்பினோம். நீலத் தார்ப்பாயை மாமா அவரிடமே விட்டுவிட்டு வந்தார். நான் பேருந்து ஏறும்போது மேற்கே மறுபடியும் கறுத்திருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பௌர்ணமியன்று பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், மிச்ச தூரத்துக்கு ஷேர் ஆட்டோதான். கோடை என்றாலும் குடை எடுத்துப் போங்கள். கொள்முதல் களங்களுக்குக் கூரை வேண்டும் என்று கேட்கிற இடத்தில் நீங்கள் இருந்தால், கேளுங்கள். கோபாலின் நெல் இன்னும் எடுக்கப்படவில்லை என்று நேற்று அக்கா சொன்னாள். சென்னையில் மேகம் தெரிந்தால் இப்போதெல்லாம் அக்காவுக்குப் போன் போட்டு அங்கே மழையா என்று கேட்கிறேன்.

கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தலில் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். மேலே நீலத் தார்ப்பாய் இருந்து, வானமும் கறுத்திருந்தால், சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுங்கள். யாராவது எதிர்த்திசையில் வந்துகொண்டிருப்பார்கள்.