ஹார்னுக்கு இறங்காதவள்

நான் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எந்த வளைவில் எத்தனை குழி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த இருபத்தெட்டு வருடத்தில் ஒரு விபத்து கிடையாது. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதை நான் சொல்லாத ஆள் கொல்லயில் என்கிற எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பாக்கி இல்லை. கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், மரண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். பெருமை பேசுவது எனக்குக் கொஞ்சம் கூடுதல்தான். இப்போது சொல்லப்போவதும் பெருமைதான், ஆனால் என்னுடைய பெருமை இல்லை.

என் மனைவி அங்கன்வாடி டீச்சர். அவளுடைய அங்கன்வாடியை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். நடந்தால் முழங்கால் வலி, அந்த நேரத்துக்குத் தோதான பஸ்ஸும் இல்லை. ஸ்கூட்டர் படிக்கிறேன் என்று போனாள். கேரளத்தில் அதற்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் 'எட்டு' போட வேண்டும். நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே எட்டு வடிவத்தில் காலைத் தரையில் குத்தாமல் வண்டியைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். மூன்று முறை போனாள், மூன்று முறையும் கால் குத்திவிட்டு வந்தாள். மூன்றாம் முறை வந்து முகம் கழுவிவிட்டுச் சொன்னாள்:

“சைக்கிளுக்கு எட்டும் வேண்டாம், பத்தும் வேண்டாம். ஆரியங்கோட்டுல ரப்பர்த் தோட்டத்துக்கு உள்ளாற ஓட்டினவளாக்கும் நான். மறந்தா போவும்?”

அவள் பிறந்த ஊர் ஆரியங்கோடு. அங்கே ஓட்டியது பாவாடை சட்டை காலத்தில். இப்போது ஐம்பத்திரண்டு வயது. பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்னால் கூடை வைத்த ஒரு லேடீஸ் சைக்கிள் வீட்டு முற்றத்தில் நின்றது. ஹேண்டிலில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. மேலெல்லாம் ஓட்டை. இடியப்பத் தட்டைக் கவிழ்த்தது மாதிரி இருந்தது.

சைக்கிளைக் கூட நான் பொறுத்திருப்பேன். ஹெல்மெட்டைப் பார்த்ததும்தான் எனக்கு உச்சி காந்தியது.

“எட்டி, சைக்கிளுக்கு ஆரு ஹெல்மெட்டு வைக்கா? சட்டத்துல உண்டா? ஊரு சிரிக்கும்.”

“ஊரு சிரிச்சா ஊருக்கு நல்லது” என்றாள். “நிங்க காமிராக்குப் பேடிச்சு ஹெல்மெட்டு போடுதீங்க. நான் எனக்க தலைக்குப் போடுதேன்.”

அவள் சொன்னதும் உண்மைதானே. ரோட்டில் காமிரா வைத்த பிறகு ஸ்கூட்டரில் போகும் எல்லோர் தலையிலும் ஹெல்மெட் ஏறிவிட்டது. களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனதும் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது எல்லைக்கு இப்பால் மறுபடி தலையில் வைக்கிறவர்களும் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். தலை என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஊர் சிரிக்கும் என்றது சாக்கு. எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் விஷயம். டிரைவர் சீட்டிலிருந்து சைக்கிள் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். முன்னால் ஒரு முதுகு. அவ்வளவுதான். குறுகிய இடத்தில் அந்த முதுகுக்கு முப்பதடி பின்னால் வந்து ஹார்னில் கையை அழுத்தி வைத்தால் சைக்கிள் தானாகத் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிடும். பிரேக் தொட வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம், நேரமும் தப்பாது. இதை நான் ஒரு கைத்திறமையாகவே வைத்திருந்தேன். புதிதாக வந்த டிரைவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். இப்போது அந்த முதுகு என் மனைவியுடையது.

அவளிடம் ஹெல்மெட்டைப் பற்றிச் சண்டை போடத் தெரிந்த எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் நாள் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். காவலுக்காம்.

மெயின் ரோட்டில் ஒரு வளைவு உண்டு. அங்கே ஒரு சிமென்ட் கடை. காலையில் லோடு இறக்க லாரிகள் ரோட்டோரம் நிற்கும். லாரிக்கு முன்னால் சாக்கடை ஓடை, அதை மூடுகிற சிமென்ட் சிலாப்புகளில் இரண்டு இல்லை. அந்த இடத்தில் சைக்கிளில் போகிறவர் லாரியைச் சுற்றி ரோட்டுக்கு நடுவில் வந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும். அவள் வலது கையை நீட்டிக் காட்டிவிட்டு நடுவுக்கு வந்தாள். நானும் சைக்கிள் வேகத்தில் அவளுக்குப் பின்னால் வந்தேன். அப்போது எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து ஹார்னில் கையை வைத்தது.

இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். முன்னால் இருந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை. நான் யோசிக்கவே இல்லை, கை தானாக ஸ்கூட்டரை இடது பக்கம் ஒடித்தது. லாரியைத் தாண்டின இடம், நேரே ஓடை. முன் சக்கரம் சிலாப் இல்லாத பள்ளத்தில் இறங்க, நான் பக்கத்துச் சிலாப்பில் தலை மோத விழுந்தேன். படுத்த வாக்கில் பார்த்தேன். அவள் அசையவில்லை. அதே வேகம், அதே கோடு, நிமிர்ந்த முதுகு, மஞ்சள் ஹெல்மெட். பஸ் பிரேக் அடித்து அவளுக்குப் பின்னால் ஊர்ந்தது. குழியெல்லாம் தாண்டி அவளே ஓரத்துக்கு வந்து வழி விட்ட பிறகுதான் அது போனது.

நான் விழுந்தது அவளுக்குத் தெரியாது. முட்டியைத் தட்டிக்கொண்டு அங்கன்வாடி வாசலுக்குப் போனபோது, “எங்க போனீங்க? சாயா குடிக்கதுக்கா?” என்று கேட்டாள். என் ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. அவள் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் என் பின்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன.

“ஹார்ன் கேட்டு நீ ஏன் எறங்கல்ல?” என்று கேட்டேன்.

“எறங்க எடம் எங்க உண்டு? ஓடையிலயா?” என்றாள். “அவனுக்கு பிரேக் உண்டுல்லா, அவன் சவிட்டி நிறுத்தட்டும்.”

அன்றோடு இடியப்பத் தட்டு என்று கேலி செய்வதை விட்டேன்.

இரண்டு மாதம் அவள் ஒருநாளும் தவறாமல் போய் வந்தாள். அதற்குள் அதே வளைவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் சைக்கிளோடு ஓடையில் விழுந்ததில் முன்பல் இரண்டு போயின. அந்த மாதக் கடைசியில் கிராமசபை கூடியது. பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சு போட்டு, வார்டு மெம்பர் தலைமையில், சாயாவும் பருப்பு வடையும் உண்டு. சிமென்ட் கடைக்காரர்தான் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கும் தலைவர். அவர் எழுந்து ஒரு தீர்மானம் சொன்னார். இனி ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் வரும் பிள்ளைகளைப் பள்ளிக் கேட்டுக்குள் விடக் கூடாது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. வெடித்த ஹெல்மெட் எனக்கு நினைவிருந்தது.

என் மனைவி எழுந்தாள். கையில் அந்த மஞ்சள் ஹெல்மெட். அவள் ஆமாம் போடப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மலையாளத்தில்தான் தொடங்கினாள், கோபம் ஏறியதும் தமிழுக்கு வந்துவிட்டாள்.

“இத நான் எல்லா நாளும் வைக்கேன். நல்லதாக்கும். உங்க பிள்ளையளுக்கும் வாங்கிக் குடுங்க, எப்படி வார் இறுக்கணும்னு நான் வந்து காட்டித் தாறேன். ஆனா இது இல்லேன்னா உள்ள விடமாட்டோம்னு பறஞ்சா, நாளைக்கு பாதிப் பிள்ளைய சைக்கிள வீட்டுல சாத்தி வச்சிட்டு நடக்கும். பெண்பிள்ளையளுக்கு சைக்கிளே வேண்டாம்னு பறயதுக்கு வீட்டுல ஆளு காத்துக் கெடக்கு. விழுந்த பிள்ளைக்குப் போனது பல்லு. ஹெல்மெட்டு பல்லக் காக்குமா? ரெண்டு சிலாப்பு கெடந்திருந்தா பல்லு இருந்திருக்கும். லாரி அங்க நிக்காம இருந்திருந்தா பிள்ளை ஓடைப் பக்கமே போயிருக்காது.”

லாரி யாருக்கு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சிமென்ட் கடைக்காரர் சிரித்தார். சாமர்த்தியமான ஆள்.

“டீச்சரே, சைக்கிள்காரங்க ரோட்டுக்கு நடுவுல போனா பஸ்ஸும் லாரியும் என்ன செய்யும்? நாம ஏன் தர்க்கிக்கணும்? இருபத்தெட்டு வருஷம் ஓட்டின டிரைவர் உங்க வீட்டுலயே உண்டு. ஒரு கோழிகூட சாகல்லன்னு பறயுத ஆளு. அவர் பறயட்டும், தெற்று ஆருக்க பேருலன்னு.”

தப்பு யார்மேல் என்று கேட்க எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். அவர் கடை முன்னால் நின்றே எத்தனை முறை சைக்கிள்காரர்களைத் திட்டியிருப்பேன். பழையபடி இரண்டு வார்த்தை சொன்னால் போதும், என் பெருமை அப்படியே இருக்கும். சிலாப்பும் வராது, லாரியும் போகாது, அவள் நாளைக்கும் அந்த வளைவில் என்னைப் போன்ற ஒருவனுக்கு முன்னால் போவாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

எழுந்தேன்.

“நான் யாரையும் இடிச்சதில்ல, சத்தியம்” என்றேன். “ஆனா அந்த வளைவுல எனக்கு முன்னால போன சைக்கிள எல்லாம் ஹார்ன் அடிச்சு கீழ எறக்கியிருக்கேன். ஓடைக்க கரையிலதான் எறக்கியிருக்கேன். எறங்கினவன் பெறவு என்ன ஆனான்னு ஒரு நாளும் கண்ணாடியில பாத்ததில்ல. பாக்காம இருந்ததுனால விபத்தும் இல்ல. தெற்று எனக்க பேருலயாக்கும்.”

பின் பெஞ்சிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வரும் மீன்காரர் எழுந்தார். இப்போது ஸ்கூட்டரில் பெட்டி கட்டி வருகிறவர், முன்பு சைக்கிளில் வந்தவர். இடது கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கையில் அது நிமிராது என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

“அந்த வளைவுலதான்” என்றார். “ஹார்ன் கேட்டு எறங்கினேன், ஓடையில விழுந்தேன். கையும் போச்சு, அண்ணைக்குள்ள மீனும் போச்சு. அது நிங்களா வேற ஆளான்னு எனக்குத் தெரியாது அண்ணா. பின்னாலேந்து வாற வண்டிக்க டிரைவர் முகம் ஆருக்குத் தெரியும்? ஹார்ன்தானே கேக்கும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அது நான் இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

சிலாப் போட வேண்டும், காலையில் பள்ளிக்கூடம் தொடங்கும்வரை லாரி நிற்கக் கூடாது, ஹெல்மெட் பற்றிக் கட்டாயம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மெம்பர் எழுதினார். சிமென்ட் கடைக்காரரும் கை தூக்கினார், வேறு வழியில்லாமல். வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“இனி கல்யாண வீட்டுல போயி எத வச்சு பெருமை அடிப்பீங்க?” என்று கேட்டாள்.

சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை. ஆனால் சைக்கிளின் ஹேண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். நடுரோட்டில் அப்படி அவள் நடந்ததே இல்லை.

டிரைவர்கள் சாயா குடிக்கிற கடைக்கு ஒரு வாரம் விடாமல் போனேன். வளைவில் ஹார்னில் கை வைக்காதே, முன்னால் போகிறவருக்கு இறங்க இடம் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ரிட்டயர் ஆனவன் பேச்சு என்று பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலாப் வந்தது. இரண்டு வாரம் அந்த நேரத்தில் லாரி நிற்கவில்லை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நிற்கத் தொடங்கியது.

போன திங்கட்கிழமை காலை வளைவுக்கு எதிரே உள்ள சாயாக் கடையில் நின்றிருந்தேன். லாரி நிற்கிற நாள். அவள் வந்தாள். வலது கையை நீட்டிக் காட்டினாள், நடுவுக்கு வந்தாள். பின்னால் ஒரு பஸ். நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. டிரைவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். ஹார்ன் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் டிப்பர், டிப்பருக்குப் பின்னால் கார்கள், ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள். அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சைக்கிளில் ஒரு ஐந்தாறு பள்ளிப் பெண்கள், இரண்டு பேர் தலையில் ஹெல்மெட். மொத்த ரோடும் அவள் வேகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு காரிலிருந்து ஒருவர் கழுத்தை நீட்டிக் கத்தினார். “ஆருலே அது முன்னால? ரோடு அவளுக்க அப்பன் போட்டதா?”

நான் சாயா கிளாஸை வைத்துவிட்டு ரோட்டுக்கு இறங்கிப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

“எனக்க பெண்டாட்டியாக்கும்.”